நடையில் நால்வர்: சிவப்புக் கல்யாணம் குறித்துத் திருக்கோவிலூரில் ஓர் ஆராய்ச்சி

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு மனிதர்கள் வாயைப் பிளப்பது ஏன், பிளந்த வாய் மூட எவ்வளவு நேரமாகிறது, மூடிய வாய் மறுபடி திறந்தால் வரும் முதல் சொல் எது என்பன குறித்துத் தமிழில் யாரும் தீசிஸ் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. எழுதியிருந்தால் அவர் என்னை மன்னிக்க வேண்டும். எழுதாவிட்டால் இந்தத் துறைக்கு நானே முதல் பேராசிரியர். துறைக்கு ‘எதிர்வினையியல்’ என்று பெயரும் வைத்தாயிற்று. நாற்காலிதான் இல்லை. ஆய்வு முழுவதும் பாயில் நடந்தது.

எடுத்துக்கொண்ட பொருள், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மூன்றாம் பருவத்தின் ஒன்பதாம் அத்தியாயம். 2013 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் எச்.பி.ஓ. ஒளிபரப்பியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தி ரெய்ன்ஸ் ஆஃப் காஸ்டமியர்’. உலகம் வைத்த பெயர் ‘ரெட் வெட்டிங்’, சிவப்புக் கல்யாணம். மூலம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000-இல் வெளியிட்ட ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ என்னும் தலையணை. களம், திருக்கோவிலூரில் எங்கள் வீட்டு நடை. (அப்போது விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமானோம். முடிவுகளை இது பாதிக்கவில்லை.) ஆய்வுக்குட்பட்டோர் மூவர்: ஆயா, அம்மா, நான். நான்காவதாகச் சித்தப்பா மகன். சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வரும்போது சட்டைப்பையில் ஒரு பென் டிரைவோடு வந்தான். அவன் ஆய்வுக்குட்பட்டவனா, ஆய்வாளனா என்பதில்தான் பின்னால் சிக்கல் வந்தது. கருவிகள்: டிவி ஒன்று, பாய் இரண்டு, முறம் நிறைய வறுத்த மல்லாட்டை.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்ற சொல் எங்கள் தென்னார்க்காட்டு வாயில் உருண்டு உருண்டு மல்லாட்டையாயிற்று. சொற்பிறப்பில் சண்டை போட விரும்புவோர் தனியே வரலாம். இங்கே அது தின்பண்டம் அல்ல, அளவுகோல். முகம் பொய் சொல்லும், மல்லாட்டை உரிக்கும் விரல் சொல்லாது. கதை சப்பென்று போனால் உரிப்பு வேகமாகும். கதை பிடித்தால் நிதானமாகும். நெஞ்சு திக்கென்றால் உரிப்பு நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை என்று அட்டவணை போட்டு மோசடி செய்ய மாட்டேன். வேகம், நிதானம், நின்றது. எதிர்வினையியலுக்கு இந்த மூன்று அளவு போதும்.

டிவி நடைக்கு வந்ததற்குக் காரணம், உள்கூடம் முழுக்க மூட்டை அடுக்கியிருந்தது. இதைத் தற்செயல் என்று நினைப்பவருக்கு இந்த ஊர் தெரியாது. திருக்கோவிலூரின் பெரிய கதையே ஒரு நடையில்தான் நடந்தது. இடைகழி என்பார்கள், ரேழி என்பார்கள், எங்கள் வீட்டில் நடை. மழை கொட்டிய ஓர் இரவில் மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழியில் பொய்கையாழ்வார் வந்து படுத்தார். பிறகு பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். அப்புறம் நான்காவதாக யாரோ நெருக்குவது போலிருந்தது. இருட்டு, ஆள் தெரியவில்லை. நெருக்கியவர் உலகளந்த பெருமாள் என்பது ஊரறிந்த ஐதிகம். எதிர்வினையியல் நோக்கில் இதைவிடச் செழிப்பான தரவு கிடையாது. ஒரே இரவு, ஒரே நிகழ்வு, பார்த்தவர் மூவர், ஆளுக்கு நூறு பாட்டாக மூன்று அந்தாதி. இன்று ஓர் அத்தியாயம் முடிந்த கையோடு மூன்று பேர் போனை எடுத்து மூன்று விதமாக எழுதுகிறார்கள் அல்லவா, அதை அவர்கள் வெண்பாவில் செய்தார்கள்.

என் கருதுகோளும் அந்த இடைகழியிலிருந்து எடுத்ததே. எதிர்வினை படுக்கையில் தொடங்கி, உட்கார்ந்து வளர்ந்து, நின்று முற்றும். நான்காவது ஆள் நெருக்குவது அதற்கப்புறம்.

முன்னோர் கருத்தைச் சொல்லாத ஆய்வைத் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே தொல்காப்பியர். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே ஒதுக்கி, உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரியும் வழி எட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் நான்கு, ஆக முப்பத்திரண்டு என்று அவர் கணக்கை முடித்துவிட்டார். பயம் வரும் வழி நான்கு என்கிறார்: பேய் பிசாசு முதலிய அணங்குகளால் வருவது, காட்டு விலங்கால் வருவது, கொள்ளையரால் வருவது, நம்மை ஆளுகிற அரசனாலேயே வருவது. பனிச்சுவருக்கு வடக்கே எழுந்து நடக்கும் பிணங்கள், டிராகன், சுவர் தாண்டி வரும் காட்டுக்கூட்டம், சிம்மாசனத்தில் உட்கார்ந்த ஜாஃப்ரி என்ற குட்டிச்சாத்தான். எட்டுப் பருவம், எழுபத்து மூன்று அத்தியாயம் ஓடிய தொடர் ஒரே நூற்பாவுக்குள் அடங்கிவிட்டது. கோபத்துக்கும் நான்கு வழி வைத்திருக்கிறார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொல்லுதல். இந்த நான்கையும் ஒரே பந்தியில் பரிமாறிய புண்ணியவான் ஒருவர் உண்டு. அவர் பெயர் வால்டர் ஃப்ரே.

கதை தெரியாதவர்களுக்காக. குறுக்கே ஓர் ஆறு. இரு கரையிலும் ஒவ்வொரு கோட்டை, நடுவில் பாலம். பாலத்துக்குச் சொந்தக்காரர் கிழவர் வால்டர் ஃப்ரே. படையோடு அக்கரை போகவேண்டிய இளம் அரசன் ராப் ஸ்டார்க், சுங்கத்துக்குப் பதிலாக, உங்கள் பெண்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். போன இடத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். கிழவரைச் சமாதானப்படுத்த, தன் தாய்மாமனை மாப்பிள்ளையாக்கி, தாயோடும் மனைவியோடும் அதே கோட்டைக்கு வருகிறான். மழை. (மழை இரவு, ஒதுங்க ஓர் இடம். குறித்துக்கொள்க.)

இதுவரை ஆயா படுத்திருந்தார். அவர் பிறந்தது தென்பெண்ணைக்கு வடகரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது தென்கரையில். வெள்ளத்தில் தரைப்பாலம் மூழ்கிவிட, தாய்வீடு கண்ணெதிரே இருந்தும் போக முடியாமல் கரையில் நின்றவர். ஆகவே பாலத்துக்காகப் பெண்ணைக் கட்டும் ஏற்பாடு அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. “பாலத்துக்குப் பொண்ணு, சரி. வாக்கு குடுத்துட்டு மாத்துனாம் பாரு, அங்கதான் வெனை” என்றார், படுத்தபடியே. உரிப்பு: வேகம்.

ஆங்கிலத்தில் அவர்கள் பேசப் பேசத் தம்பி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். பாட்டின் அடிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்து ஒட்டி நச்சினார்க்கினியர் உரை சொல்வார் என்று புலவர்கள் குறைப்படுவதுண்டு. தம்பி ஒட்டவில்லை, விழுங்கினான். ஹாஸ்டலில் அந்த நாவலை முன்பே படித்து முடித்திருந்தான். வரப்போவது தெரிந்த உரையாசிரியன் என்பதால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவனுக்குள் ஒரு தணிக்கை நடந்துகொண்டே இருந்தது. அவன் காது மடல் அவ்வப்போது சிவந்ததை நான் கவனித்தேன். அது வெயில் காலம் என்பதால் தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வருந்துகிறேன்.

விருந்தாளிகள் உள்ளே வந்ததும் ரொட்டியும் உப்பும் வைத்த தட்டு கைமாறியது. தம்பி இதை விட்டுவிட்டான். ஆயா எழுந்து உட்கார்ந்தார்.

“உப்பாடா அது?”

“ஆமா ஆயா.”

“உப்பு குடுத்துட்டான்ல. அப்ப ஒண்ணும் செய்ய மாட்டான்.”

மேற்குலக அறிஞர்கள் இதை விருந்தாளி உரிமை என்கிறார்கள். ஒருவன் வீட்டு உப்பைத் தின்ற பிறகு அவன் உன்னைத் தொடக்கூடாது, நீயும் அவனைத் தொடக்கூடாது. மார்ட்டின் நாவலில் இதை நிறுவப் பல அதிகாரம் மெனக்கெட்டிருக்கிறார். ஆயாவுக்கு வசனம்கூட வேண்டியிருக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் பக்கம் பழமொழிப் புத்தகத்தில் இருப்பதல்ல, வரப்புச் சண்டையில் வந்து விழுவது. என் கருதுகோளின் முதல் நகர்வு, அதாவது படுத்தவர் உட்காருவது, கத்தியைப் பார்த்து நிகழவில்லை, உப்பைப் பார்த்து நிகழ்ந்தது என்பதை இத்துறைக்கு வரும் மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்தது. பந்தி, குடி, சிரிப்பு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூச்சலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ கூடத்தின் கதவைச் சாத்தினார்கள். மேல்மாடத்தில் வாத்தியக்காரர்கள் வேறொரு பாட்டுக்கு மாறினார்கள். அந்தப் பாட்டு, அடங்காத ஒரு குடும்பத்தைப் பூண்டோடு அழித்ததைச் சொல்வது. ராபின் தாய் கேட்லின் அதை அடையாளம் கண்டு முகம் வெளிறுவார். நானும் அம்மாவும் ஒன்றும் காணவில்லை. ஆயா மட்டும், “மோளம் மாறிப்போச்சே” என்றார்.

இதை எப்படி விளக்குவது? பாட்டின் மொழி தெரியாது, முன்கதை தெரியாது. ஆனால் அவர் காது திரௌபதி அம்மன் கோயில் திடலில் வளர்ந்தது. பாரதக் கூத்தில் முகவீணை ஒரு மாதிரி இழுத்தால் யாரோ சாகப் போகிறார்கள் என்பது அந்தத் திடலில் தூங்குகிற குழந்தைக்கும் தெரியும். உரிப்பு: நிதானம். பிறகு கேட்லின், பக்கத்தில் இருந்த ரூஸ் போல்ட்டனின் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தார். உள்ளே இரும்பு வளையக் கவசம். கல்யாண வீட்டுக்குக் கவசம் போட்டு வருகிறவன் சாப்பிட வந்தவன் அல்ல.

அதற்கப்புறம் நடந்ததை வருணிக்க மாட்டேன். அம்மா எழுந்தார், நான் எழுந்தேன், ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூவரும் நின்றோம். கருதுகோள் நிறுவப்பட்டது, கொண்டாடும் நிலையில் யாரும் இல்லை. ஆயாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மல்லாட்டை, ஓடு வாய் பிளந்து, பருப்பு வெளியே வராமல் நின்றது. அதற்கும் எங்களுக்கும் அந்நேரம் முகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

உரையாசிரியன் மாட்டிக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. நாவலில் ராபின் மனைவி ஜெயின் வெஸ்டர்லிங். இந்தக் கல்யாணத்துக்கே வரமாட்டாள். தொடரில் அவள் டாலிசா, வயிற்றில் பிள்ளையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தாள். முதல் கத்தி அந்த வயிற்றில் இறங்கியது. எல்லாம் தெரியும் என்று நின்ற தம்பியின் வாயிலிருந்தும் ஓர் “ஐயோ” வந்தது. ஒரே சுவடியை வைத்துக்கொண்டு பாடம் சொல்பவர்களுக்கு நேரும் கதி. உ.வே.சா. இருந்திருந்தால் பாடபேதத்தை அடிக்குறிப்பில் கொடுத்து எச்சரித்திருப்பார்.

அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓடின. வழக்கமாக வரும் இசை அன்று இல்லை, வேண்டுமென்றே ஊமையாக விட்டிருந்தார்கள். நடையில் ஃபேன் சத்தம் மட்டும். அப்போதுதான் நெருக்கடியை உணர்ந்தோம். மூவருக்கும் பின்னால், கதவோரம், தம்பி. அவன் கையில் போன். போனின் கண் டிவியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தது.

இதில் அவன் தனியன் அல்லன். அந்த வாரம் உலகம் முழுக்க நாவல் படித்தவர்கள் படிக்காதவர்களை உட்காரவைத்து, அவர்கள் அலறுவதையும் தலையணையைக் கடிப்பதையும் படமெடுத்தார்கள். அந்தத் துண்டுகளை ஒன்றாக ஒட்டியதைப் பார்க்கவும் கூட்டம் கூடியது. அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 2000-இல் புத்தகத்தில் தாங்கள் வாங்கிய அடியைப் பதின்மூன்று வருடம் வெளியே சொல்லாமல் காத்தவர்கள். எழுதியவருக்கே அந்த அதிகாரம் கசந்தது. மற்ற அதிகாரங்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் அதை எழுதியதாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். கற்பனை மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1440-இல் எடின்பரோ கோட்டையில் விருந்துக்கு அழைத்து டக்ளஸ் குடும்பத்துப் பிள்ளைகளைக் கொன்றதும், 1692-இல் கிளென்கோவில் விருந்தாளிகளாய்த் தங்கிய சிப்பாய்கள் தங்க இடம் கொடுத்த மெக்டொனால்டுகளை வெட்டியதும் அவருக்கு விதை.

ஆயா திரும்பினார். இங்கேதான் ஆய்வு என் கையை விட்டுப் போனது.

“ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“புத்தகத்துல படிச்சிருக்கேன் ஆயா.”

“தெரிஞ்சும் வாய மூடிக்கினு நின்னியா? அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா உக்காந்திருக்குது. இவன் போன புடிச்சிக்கினு நிக்கிறான்.”

“கதை ஆயா. முன்னாடியே சொன்னா சுவாரசியம் போயிடும்.”

“எவன்டா சொன்னான்?”

இந்த இரண்டு சொல் கேள்விக்கு எதிர்வினையியலில் விடை கிடையாது. பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் ஊரில், கர்ணன் சாவான் என்று தெரியாமல் கர்ண மோட்சம் பார்க்கப் போகிறவர் யார்? கட்டியக்காரன் வந்து, இன்றைக்கு இன்னார் வரப்போகிறார், இன்னது நடக்கப்போகிறது என்று சொன்ன பிறகுதான் கூத்தே தொடங்கும். தெரிந்ததுதான், அதற்காக விடியவிடிய விழித்திருப்பார்கள். விடிகிற நேரத்தில் குந்தி மகனை மடியில் போட்டு அழும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். அடுத்த வருடமும் வருவார்கள். ‘ஸ்பாய்லர்’ என்ற சொல்லுக்கு இந்தத் திடலில் தமிழ் தேடினேன். பொருள் இருந்தால்தானே சொல் இருக்கும்?

கூவாகம் எங்களுக்குத் தூரமில்லை, உளுந்தூர்பேட்டைப் பக்கம். சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவர் முன்னால் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்துகிறார்கள். கல்யாணத்தை அடுத்தே சாவு வரும் என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டுகிறார்கள். அந்த அழுகை நடிப்பில்லை என்பது ஒருமுறை அங்கே நின்றவருக்குத் தெரியும். இதற்கு மேல் அதை ஆய்வுக்குள் இழுப்பது மரியாதையில்லை.

நிற்க. ஆயா அன்று சும்மா விடவில்லை. “இந்த ஊர்லயே நடந்தத மறந்துட்டு எவனோ வெள்ளக்காரனப் பாத்து வாயப் பொளக்குறீங்க” என்றார். அவர் சொன்னது மெய்ப்பொருள் நாயனாரை. திருக்கோவலூரை ஆண்டவர். போரில் அவரை வெல்ல முடியாமல் பலமுறை தோற்றோடிய முத்தநாதன், சிவனடியார் வேடம் போட்டு, ஆகமம் சொல்ல வந்ததாகச் சொல்லிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். கையில் ஏட்டுக்கட்டு, கட்டுக்குள் கத்தி. ஃப்ரே வீட்டில் அழைத்தவன் வந்தவனைக் கொன்றான். எங்கள் ஊரில் வந்தவன் அழைத்தவனைக் குத்தினான். அங்கே சட்டைக்குள் இரும்பு, இங்கே புத்தகத்துக்குள் இரும்பு. (புத்தகத்தோடு வருபவனைப் பற்றிய எங்கள் ஊரின் சந்தேகம் அன்றே தொடங்கிவிட்டது. தம்பி முகம் சுருங்கியது.)

இலக்கிய நுட்பமாகப் பார்த்தால் சேக்கிழார் எச்.பி.ஓ. செய்ததற்கு நேர்மாறாகச் செய்கிறார். வருகிறவன் மனம் கறுப்பு, கையிலிருப்பது கத்தி என்று வாசலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். வாயிலில் நிற்கும் தத்தனுக்கும் மனசு சரியில்லை. அரசர் உறங்குகிறார், இது சமயமில்லை என்று தடுத்துப் பார்க்கிறான். நமக்குத் தெரியும், தத்தனுக்குப் பாதி தெரியும், அரசருக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. கத்தி இறங்கிய பிறகு பாய்ந்து வந்த தத்தனை அரசர் தடுக்கிறார். அடியார் கோலத்தில் வந்தவன், நம்மைச் சேர்ந்தவன், ஊர் ஜனம் அடிக்காமல் எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார். தத்தன் கொலைகாரனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். ஆயாவின் குரல் எப்போதும் உடைவது குத்துப்பட்ட இடத்தில் அல்ல. தத்தன் திரும்பி வரும் இடத்தில்.

“தத்தன்கூட வாயத் தொறந்தாண்டா. நீ தொறக்கல” என்றார் தம்பியைப் பார்த்து. வழக்கு முடிந்தது.

ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்ற பழி வராமலிருக்க எதிர்ச்சான்று ஒன்று. 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ வந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல், நாகாவின் இயக்கம், மின்பிம்பங்கள் தயாரிப்பு. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் தெருவே வீட்டுக்குள் போகும். வாரம் முழுக்க டீக்கடையில் ஆளாளுக்கு ஒருவரைக் கொலைகாரராக்கினார்கள். அன்றைக்குக் கொல்லைப்பக்கம் தனியாகப் போக ஆயாவே துணைக்கு ஆள் தேடினார். தெரியாமல் பார்க்கிற சுகமும் சுகம்தான், மறுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இக்கட்டுரையிலும் கொலை செய்தது யாரென்று நான் சொல்லவில்லை பாருங்கள். கொள்கை வேறு, மனித பலவீனம் வேறு.

கதை தெரிந்தே பின்னால் நிற்கும் நான்காமவர் தமிழுக்குப் புதியவரும் அல்லர். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராகப் படித்த தலைமுறையும் அவர்கள் பிள்ளைகளும் 2022 செப்டம்பர் 30 முதல் தியேட்டர் தோறும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் எங்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. திருக்கோவிலூர் மலையமான் கதையில் ஒரு பாத்திரம். படத்தில் லால் நடித்தார். ராஜராஜனின் தாய் மலையமான் குலத்துப் பெண். அந்தத் தாய் கணவன் சுந்தரசோழனோடு தீப்புகுந்ததை எங்கள் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே ஆதித்த கரிகாலன் எங்களுக்குப் பேரன் முறை. அவன் கடம்பூர் மாளிகைக்கு விருந்தாளியாகப் புறப்பட்டபோது எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், “போகாதடா, அங்க போகாத” என்றார் வாய்விட்டு. பக்கத்தில் இருந்த இளைஞன், “தாத்தா, கதைய சொல்லாதீங்க” என்றான். தாத்தா கதையைச் சொல்லவில்லை. கரிகாலனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆயா கட்சி.

2013 ஜூனுக்குப் பிறகு எங்கள் நடையில் சட்டம் மாறியது. அத்தியாயம் தொடங்குமுன் தம்பி எழுந்து நின்று, இன்றைக்கு யார் யார் சாகப்போகிறார்கள் என்று சொல்லவேண்டும். கட்டியக்காரன் பதவி. முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவன், போகப்போக ஏற்ற இறக்கத்தோடு சொல்ல ஆரம்பித்தான். ஆயாவும் செத்தவர்களுக்கெல்லாம் ஒழுங்காக அழுதார்.

2016-இல் கெடுதல் வந்தது. மார்ட்டினின் ஐந்தாவது நாவல் 2011-இல் வெளிவந்ததோடு நிற்க, ஆறாம் பருவத்தில் தொடர் அவரைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. நாவல் படித்தவர்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் பதவியிழந்தார்கள். எதிர்வினையியல் வரலாற்றில் இதுபோன்ற பெருவீழ்ச்சி வேறில்லை. தம்பி கதவோரத்திலிருந்து நகர்ந்து எங்களோடு வரிசையில் நின்றான்.

2019 ஏப்ரல் 29, திங்கட்கிழமை. எட்டாம் பருவத்தின் மூன்றாம் அத்தியாயம், ‘தி லாங் நைட்’. அமெரிக்காவில் ஓடும் அதே நேரத்தில் ஹாட்ஸ்டாரில் காலை ஆறரைக்கு வந்தது. ஐம்பத்தைந்து இரவு படமெடுத்த போர். எண்பத்திரண்டு நிமிடம், அதில் பெரும்பகுதி கும்மிருட்டு. உலகமே இருட்டு இருட்டு என்று புலம்ப, ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பார்ப்பவர்களின் டிவி செட்டிங்கைக் குறை சொன்னார். எங்கள் நடையில் அம்மா முதலில் கேட்டது, “கரண்ட் போயிடுச்சா?” தம்பி போனை ஸ்டூலில் சாய்த்துவைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தான். கண்ணாடியில் எங்கள் நாலு பேர் முகம்தான் தெரிந்தது.

ஆயா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சொல்லுடா. இன்னைக்கு ஆரு?”

“தெரியல ஆயா.”

“தெரியலன்னா?”

“புத்தகத்துல இது வரைக்கும் வரல.”

“அப்ப எதுக்குடா அம்மாம் பெரிய பொஸ்தகம் படிச்ச?”

தம்பி பதில் சொல்லவில்லை. ஆயா கொஞ்ச நேரம் அந்த இருட்டையே பார்த்தார்.

“எழுதுனவரு இருக்காரா?”

“இருக்காரு. எழுதிக்கினுதான் இருக்காராம்.”

“அவரு சொல்லட்டும். அப்புறம் எழுப்பு” என்று முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நடையில் பாயை இழுத்துப் போட்டுப் படுத்தார்.